சமநிலை உள்ளமும் படைப்புத் திறனும்

சேலம் மாநகரின் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் வாழும் நம் உறவுக் குடும்பம் ஒன்றின் இல்லத்திற்கு அண்மையில் ஒரு ஞாயிறன்று சென்றிருந்தோம். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பிள்ளைகளின் கல்வியை முன்னிட்டு அங்குக் குடியேறியவர்கள் அவர்கள். கதிரவன் மறையுமுன் உணவு முடித்துக்கொண்டு, ஊரில் இருந்த திண்ணைக்கு ஈடாக மொட்டைமாடியில் அமர்ந்து, சேர்வராயன் மலை மெல்ல இருளில் மறைவதைப் பார்த்தவாறு உரையாடிக்கொண்டிருந்தோம். அப்போது அவ்வீட்டுத் தலைவர் தம் மூத்த மகளைப் பற்றிய கவலை ஒன்றை வெளியிட்டார்.

அப்பெண் சிறு வயது முதலே ஓவியத்தில் கைவந்தவள். ஊர்க் கோயிலில் பூசை நடக்கும் வேளையில், இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களின் இலாஞ்சனங்களையும் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் வரைந்துகொண்டிருப்பாள். விருஷபதேவரின் எருதும், அஜிதநாதரின் யானையும், அபிநந்தனரின் குரங்கும் அவள் கையில் உயிர்பெற்று எழும். அந்தக் குரங்கு மட்டும் ஒவ்வொரு முறையும் எதையாவது தின்றுகொண்டிருக்கும்; அதைக் கண்டு உபாத்தியாயரே சிரித்ததுண்டு. பதினோராம் வகுப்பில் சேர்ந்த பின் அவள் பென்சிலைத் தொடவில்லை. எவரும் தடுக்கவில்லை. கேட்டால் "வரவில்லை" என்னும் ஒரு சொல்லே விடையாக வருகிறது. காலை ஐந்து மணிக்குத் தனிப்பயிற்சி, பிறகு பள்ளி, மாலையில் மறுபடியும் தனிப்பயிற்சி, இரவில் மதிப்பெண் பற்றிய வாக்குவாதம், எஞ்சிய சிறு பொழுதில் கைபேசி. இவ்வாறு நாள் கழிகிறது.

"தினமும் சிறிது நேரம் சாமாயிகத்தில் உட்கார வைத்தால் மறுபடியும் வரைவாளா, மாமா?" என்று கேட்டார் அவர்.

நாம் விடை கூறுமுன் இருவர் குறுக்கிட்டனர். கல்லூரியில் பயிலும் மகன், "மனம் அடங்கிவிட்டால் கலை எங்கிருந்து வரும்? வேதனையும் கோபமும் இருந்தால்தானே பாட்டு பிறக்கும்? பாரதியார் நிம்மதியாகவா இருந்தார்?" என்றான். சுவரோரம் அமர்ந்திருந்த பாட்டியாரோ வேறொன்று சொன்னார். "படம் வரையணும் என்பதற்காகச் சாமாயிகம் பண்ணுவதா? நோன்பைக் கூலிக்கு விற்கிற மாதிரி இருக்கிறதே அப்பா."

இம்மூன்று வாக்கியங்களும் அன்றிரவு முழுதும் நம்மை உறங்கவிடவில்லை. தந்தையின் வினா ஒரு குடும்பத்தின் துன்பம். மகனின் வினா கலையைப் பற்றியது. பாட்டியாரின் சொல்லோ நம் அறநூல்களின் அடிப்படையையே தொடுவது. அன்று மாடியில் தட்டுத்தடுமாறிச் சொன்னவற்றை ஈண்டுச் சற்று ஒழுங்குபடுத்திக் கூற முயல்கிறோம்.

மகனின் ஐயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அது எளிதில் ஒதுக்கத்தக்கது அன்று. நம் நூல்கள் ஆன்மாவைக் கட்டும் கஷாயங்கள் நான்கு எனக் கூறும்: வெகுளி, செருக்கு, வஞ்சம், உலோபம். இவற்றின் துணையாக நோகஷாயங்கள் என ஒன்பதையும் எண்ணுவர். அவற்றுள் சிரிப்பு, விருப்பு, வெறுப்பு, சோகம், அச்சம், அருவருப்பு ஆகிய ஆறும் அடங்கும். இனித் தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியலைத் திறந்து பாருங்கள். கவிதைக்குரிய எட்டு மெய்ப்பாடுகளுள் நகை இருக்கிறது, அழுகை இருக்கிறது, அச்சமும் உவகையும் இளிவரலும் இருக்கின்றன, வெகுளியும் இருக்கிறது. வினையைக் கட்டுவன என நம் நூல்கள் எண்ணியவற்றில் பெரும்பகுதியைத்தான் கவிதையின் மூலப்பொருள் என இலக்கணம் எண்ணுகிறது! அங்ஙனமாயின் இவற்றைத் தணிக்கப் பழகும் இல்லறத்தான் கலையின் ஊற்றை அடைக்கிறான் என்றுதானே பொருள்படும்? அவ்விளைஞன் இத்தனை நூல்களைப் படித்துக் கேட்டவனல்லன். ஆனால் அவன் தொட்ட இடம் சரியான இடம்.

இதே வினா ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் முனிவர் ஒருவரை நோக்கி எழுப்பப்பட்டது. திருத்தக்கதேவர் மதுரையில் புலவர்களோடு உரையாடிக்கொண்டிருந்தபோது, சமண முனிவர்கள் துறவைப் பாட வல்லரேயன்றி இன்பச் சுவையைப் பாட அறியார் என்று அவர்கள் எள்ளினர் என்பது செவிவழி வரலாறு. தேவர் தம் ஆசிரியரிடம் சென்று காவியம் பாட விடை வேண்டினார். ஆசிரியர் உடனே இசையவில்லை. அவ்வழியே ஓடிய நரி ஒன்றைக் காட்டி, முதலில் இதைப் பாடு என்றார். அவ்வாறு பிறந்தது நரிவிருத்தம். அதன் பின்னரே சீவக சிந்தாமணிக்கு அனுமதி கிடைத்தது. பதின்மூன்று இலம்பகங்களில் 3,145 பாடல்களாக விரிந்த அக்காவியத்தில், சீவகன் எண்மரை மணக்கும் செய்தியால் மணநூல் என்றே அதற்கு ஒரு பெயர் நிலைத்துவிட்டது. பாடியவரோ துறவி! கண்ட புலவர்கள், அனுபவியாதவன் இவ்வாறு பாட இயலுமோ என ஐயுற்றனர் என்றும், பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தித் தேவர் தம் தூய்மையை நிறுவினார் என்றும் அக்கதை தொடர்கிறது.

இரும்பைப் பற்றிய பகுதியை வரலாறு என நாம் வற்புறுத்தவில்லை. ஆனால் அக்கதையை வழங்கிய நம் முன்னோர் ஒன்றைத் தெளிவாகக் கண்டிருந்தனர் என்பது உறுதி. உணர்ச்சியை அறிதல் வேறு. உணர்ச்சியால் ஆளப்படுதல் வேறு. மயிற்பொறியில் தப்பி வந்து சுடுகாட்டில் மகனை ஈன்ற விசயையின் அவலத்தைத் தேவர் பாடியிருக்கும் முறையைப் படித்தோர், அவர் நெஞ்சம் உலர்ந்த நெஞ்சம் என்று சொல்லமாட்டார்கள். அத்துயரத்தை அவர் முழுதும் கண்டார். அதில் அவர் மூழ்கிவிடாமையால்தான் கரையிலிருந்து அதன் ஆழத்தை அளந்து சொல்ல முடிந்தது. அழுதுகொண்டிருக்கும் கண்ணுக்கு எழுத்துத் தெரிவதில்லை.

காவியத்தின் முடிவை நோக்குக. நாடும் செல்வமும் மனைவியரும் பெற்றுச் சிறந்திருந்த சீவகனைத் துறவுக்குத் திருப்பியது எது? போரன்று, நோயன்று. சோலையில் ஓர் ஆண் குரங்கு தன் துணைக்கு ஊட்டிய பலாச்சுளையைக் காவற்காரன் பறித்துக்கொண்ட ஒரு சிறு காட்சி. எத்தனையோ பேர் அச்சோலையைக் கடந்து சென்றிருப்பார்கள். எல்லாரும் கண்டது குரங்கைத்தான். சலனமற்ற மனத்தோடு நின்று பார்த்தவனுக்கு அரசியல் முழுவதும் அதில் தெரிந்தது. கலைஞன் செய்வதும் இதுவே. (அபிநந்தனரின் குரங்குக்குத் தின்பண்டம் கொடுத்து வரைந்த நம் பெண்பிள்ளையும் ஒரு நாள் எங்கோ ஒரு குரங்கை உற்று நோக்கித்தானே இருக்கவேண்டும்?)

பாரதியாரைப் பற்றியும் ஒரு சொல். வறுமையும் துன்பமும் அவர் காலத்தில் எண்ணற்றோருக்கு இருந்தன. பாடியவர் அவர் ஒருவர். ஆதலின் துன்பமே பாட்டின் காரணம் எனல் பொருந்தாது. துன்பத்தினூடும் தெளிவாகப் பார்க்கும் ஓர் இடத்தை மனத்துள் காத்துக்கொண்டவரே படைக்கிறார்.

நம் காலத்திற்கு நெருங்கிய சான்று வேண்டுவோர் ஸ்ரீமத் ராஜசந்திரரை நினைக்கலாம். 1867 முதல் 1901 வரை வாழ்ந்த அவர் பம்பாயில் வைர, முத்து வணிகம் செய்த இல்லறத்தார். இங்கிலாந்திலிருந்து 1891இல் திரும்பிய காந்தியடிகள் அவரைச் சந்தித்தார். பெரும் பேரங்கள் முடிந்த மறுகணமே ராஜசந்திரர் அறநூலையோ தம் நாட்குறிப்பையோ கையில் எடுத்துவிடுவார் என்பதைத் தம் தன்வரலாற்றில் காந்தியடிகள் வியந்து பதிவு செய்திருக்கிறார். அந்த ராஜசந்திரர் 1896இல் நடியாத் நகரில் 142 செய்யுட்கள் கொண்ட ஆத்மசித்தி எனும் நூலை ஒரே அமர்வில் எழுதி முடித்தார். ஒரே அமர்வில் எழுதியதைத்தான் உலகம் வியக்கிறது. நமக்கோ, கடையில் கணக்கு முடிந்தவுடன் நாட்குறிப்பைத் திறந்த அந்த நாள்தோறும் உள்ள பழக்கமே வியப்புக்குரியதாகத் தோன்றுகிறது. அந்த ஒரு மாலை, அதற்கு முன் கழிந்த பல நூறு மாலைகளின் விளைவு அன்றோ?

இனி அன்றாடப் பழக்கம் என்பது எவ்வாறு மனத்தைத் தெளிவிக்கிறது என்று பார்ப்போம். இவ்விடத்தில் நம் ஆசாரியர்கள் கூறியவை மிக நுட்பமானவை. நம் இளைஞர்களுக்கு நாம் போதிய அளவு எடுத்துச் சொல்லாதவை.

கஷாயம் ஒவ்வொன்றையும் நான்கு தரமாக அவர்கள் பகுத்தனர். வெகுளிக்கு உவமை கூறுங்கால், கல்லில் கீறிய கோடு, நிலத்தில் விழுந்த பிளவு, மணலில் இட்ட கோடு, நீரில் இட்ட கோடு என்றனர். இவற்றின் வாசனை, அதாவது மனத்தில் தங்கும் காலம், எவ்வளவு என்றும் வரையறுத்தனர். நீர்க்கோடு போன்றது ஒரு முகூர்த்தத்திற்கு, அதாவது நாற்பத்தெட்டு நிமிடங்களுக்கு உட்பட்டது. மணற்கோடு போன்றது ஒரு பக்ஷம், பதினைந்து நாள். நிலப்பிளவு போன்றது ஆறு திங்கள். கல்லில் கீறியதற்கோ எல்லையே இல்லை. அவற்றுள் ஆறு திங்கள் தங்கும் தரத்து வெகுளி உள்ளவரை இல்லறத்தானுக்குரிய அணுவிரதங்களே உள்ளத்தில் நிலைபெறா என்பது நூற்கொள்கை. அஃதாவது, விரதம் பூண்ட ஒரு சாவகன் எவரிடத்தும் கொண்ட மனக்கசப்பைப் பதினைந்து நாளுக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது.

இந்த அளவை எடுத்துக்கொண்டு நம் வீடுகளுக்குள் ஒரு முறை சென்று வருவோமாக. பாகப்பிரிவினையில் ஒரு முழ நிலத்திற்காகப் பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பியர் எத்தனை பேர்! திருமணத்தில் முறையாக அழைக்கவில்லை என்று இருபது ஆண்டுகளாக ஒரே கோயிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும் சம்பந்திகள் எத்தனை பேர்! இரவுண்ணாமையைக் காப்பதில் நாம் காட்டும் கண்டிப்பில் பாதியையாவது இப்பதினைந்து நாள் கணக்கில் காட்டியிருப்போமா? எழுதும் நமக்கும் இதில் சொல்லிக்கொள்ளப் பெருமை ஏதுமில்லை.

பிரதிக்கிரமணம் எனும் மீள்நோக்கு, நாள்தோறும், பக்ஷந்தோறும், நான்கு திங்கட்கு ஒருமுறை, ஆண்டுக்கு ஒருமுறை என விதிக்கப்பட்டிருப்பதன் காரணம் இப்போது விளங்கும். நீர்க்கோடு மணற்கோடாக இறுகுமுன் துடைத்துவிடவேண்டும். சேலத்தில் அம்மாபேட்டையிலும் குகையிலும் தறி நெய்வோரைக் கண்டவர்கள் இதை எளிதில் உணர்வர். (பட்டுத் தறியை எடுத்துக்காட்டுவது நம் அறத்திற்கு ஒவ்வாது, பருத்தித் தறியையே சொல்கிறோம்.) பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி, அவ்விழையை முடிந்துவிட்டே மேலே நெய்கிறார். அரை நிமிட வேலை. முடியாமல் விட்டுவிட்டால் துணியின் எஞ்சிய நீளம் முழுவதும் ஒரு கோடு ஓடும். மாலையில் தாயிடம் சுள்ளென்று பேசிய ஒரு சொல் முடியப்படாத இழை. மறுநாள் பிள்ளை பாடப்புத்தகத்தைத் திறக்கும்போதும், வெள்ளைத்தாளின் முன் அமரும்போதும் அக்கோடு உடன் ஓடுகிறது. "வரவில்லை" என்று அவள் சொல்வது பொய்யன்று. வருவதற்கு அங்கு இடமில்லை.

ஆலோசனை எனப்படும் தன் குற்றம் நினைந்து கூறும் வழக்கத்தை இன்றைய உளவியலும் வேறு வழியில் அணுகியிருக்கிறது. அமெரிக்க உளவியலறிஞர் ஜேம்ஸ் பென்னபேக்கர், 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களை நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் வீதம் நான்கு நாட்கள் தம் மனத்தை வருத்திய நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதச் செய்தார். தம் உணர்வுகளையும் சேர்த்து எழுதியவர்கள், பின்வந்த திங்கள்களில் மருத்துவ நிலையத்தை நாடியது குறைந்திருந்தது. கிரகாம் வாலஸ் என்பார் 1926இல் படைப்புச் சிந்தனையைப் பற்றி எழுதிய நூலில், முயன்று தேடும் நிலைக்கும் கருத்து ஒளிவிடும் நிலைக்கும் இடையே, அதை மறந்திருந்து உள்ளத்துள் முதிரவிடும் நிலை ஒன்று உண்டு என்றார். அந்த இடைநிலைக்குத்தான் இன்று நம் பிள்ளைகளிடம் நேரமில்லை. பேருந்தில் நிற்கும் ஐந்து நிமிடத்தையும் கைபேசி விழுங்கிவிடுகிறது. ஆய்வுகள் சொல்லித்தான் நம் ஆகமம் உண்மையாகவேண்டும் என்பதில்லை. எனினும் பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல இவை உதவும்.

நாள்தோறும் செய்யத்தக்கவற்றை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. நம் பாட்டியார் செய்தவையே போதும். நீரை வடிகட்டிப் பருகுதல் சிற்றுயிர்களைக் காக்க ஏற்பட்டது. குழாய் நீரும் சுத்திகரிப்புக் கருவியும் வந்த பின் அத்துணி நம் சமையலறைகளிலிருந்து மெல்ல மறைகிறது. அதனோடு மற்றொன்றும் மறைகிறது. ஒவ்வொரு குடத்தின் முன்னும் ஒரு நொடி நின்று, கண்ணுக்குப் புலனாகாத உயிரையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் அது. கண்ணுக்குத் தெரியாததை உள்ளதாக எண்ணிப் பரிவு கொள்ளும் இத்திறனையே கதை எழுதுவோர் கற்பனை என்கின்றனர்.

பொழுது சாயுமுன் உண்ணல் மற்றொன்று. உயிரோம்பல் அதன் முதற்காரணம். ஆனால் ஊரில் இருந்தபோது அதனால் விளைந்த வேறொரு நன்மையை நாம் அப்போது அறியவில்லை. வீட்டிலுள்ள அனைவரும் ஒரே வேளையில் ஓரிடத்தில் அமர்ந்தே ஆகவேண்டும். பாட்டன் ஒருபுறம், பேரன் ஒருபுறம், உண்ணும்போது பேச்சில்லை. உண்டு முடித்த பின் விளக்கேற்றும் வரை நீண்டதோர் அந்தி. அந்த அந்தியில்தான் கதைகள் பிறந்தன, சண்டைகள் தீர்ந்தன. ஃபேர்லேண்ட்ஸ் வீட்டில் இன்று அப்பெண் இரவுண்ணாமையைக் காப்பதற்காகத் தனிப்பயிற்சிக்கு இடையில் டிபன் டப்பாவைத் திறந்து தனியே உண்கிறாள். விரதம் காக்கப்படுகிறது, அந்தி போய்விட்டது. அவள் உறுதியைப் போற்றுகிறோம். ஆயினும் பெற்றோர் வாரத்தில் இரண்டு நாளாவது அந்த மாலைப் பயிற்சியை விலக்கி அவளை வீட்டில் உண்ணச் செய்யலாமே என்று சொன்னோம். அதற்கு வந்த முதல் மறுமொழி, மற்ற பிள்ளைகள் முந்திவிடுவார்கள் என்பதே. நாமக்கல், இராசிபுரம் பக்கத்து உறைவிடப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிப் பழகிய இச்சமவெளியில் அந்த அச்சம் காற்றிலேயே கலந்திருக்கிறது. அச்சமும் ஒரு நோகஷாயமே. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு அது சீதனமாகச் செல்கிறது.

சாமாயிகத்திற்கு முறைப்படி ஒரு முகூர்த்த காலம் வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளையை நாற்பத்தெட்டு நிமிடம் கட்டாயமாக உட்கார வைப்பது அதற்கே மாறான விளைவைத் தரும். பஞ்ச நமஸ்காரத்தைச் சில முறை மெல்ல ஓதி, எல்லா உயிரிடத்தும் நட்பு, நற்குணத்தாரிடம் மகிழ்வு, துன்புறுவாரிடம் கருணை, மாறுபடுவாரிடம் நடுநிலை என்னும் நான்கு பாவனைகளையும் எண்ணி, அன்று எவரை வருத்தினோம் என்று நினைத்துப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். பெற்றோரும் உடன் அமர்ந்தால் மட்டுமே அதற்குப் பொருள் உண்டு. தந்தையார் செய்தித்தாளை விரித்துக்கொண்டு மகளைத் தியானத்திற்கு அனுப்பும் வீடுகளையும் பார்த்திருக்கிறோம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, வாழ்வில் பற்றின்மை ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் அது பழக்கத்தால் மட்டும் சரிசெய்யத்தக்கதன்று. வினைப்பயன் என்று சொல்லி வீட்டிலேயே வைத்திருப்பது அறியாமை. நால்வகைத் தானங்களுள் ஔடத தானத்தை ஒன்றாக வைத்துப் போற்றியது நம் சமயம். மருந்தை ஈவது அறமாயின் அதை ஏற்பதில் இழுக்கென்ன? மனநல மருத்துவரை அணுகுவதில் வெட்கம் கூடாது. 2022இல் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

இனிப் பாட்டியாரின் சொல். நாம் மிகவும் தயங்கியது இங்கேதான். மாயை, மித்தியை, நிதானம் என மூன்று சல்லியங்களை உமாசுவாமிகள் முதலான ஆசாரியர்கள் கூறுவர். சல்லியம் என்றால் உடலில் தைத்த முள். அம்முள் உள்ளவரை ஒருவன் விரதியாகான். அவற்றுள் நிதானம் என்பது, வழக்கில் நாம் சொல்லும் நிதானம் அன்று. நோற்ற நோன்புக்குப் பயனை இன்னதென்று குறித்து வேண்டுதல். மதிப்பெண்ணுக்காகப் பூசை, வேலைக்காக உபவாசம் என்பவற்றைக் குறை கூறும் நாம், ஓவியத்திற்காகச் சாமாயிகம் என்பதை மட்டும் எவ்வாறு ஏற்பது? வேண்டும் பொருள் உயர்ந்தது என்பதால் வேண்டுதல் வேறாகிவிடுமா? பாட்டியார் கேட்டது நியாயமே.

நெல்லுக்கு விதைப்பவனுக்கு வைக்கோலும் கிடைக்கும் என்று பெரியோர் சொல்வதுண்டு. வைக்கோலுக்காகவே விதைப்பவன் கதிர் முற்றுமுன் அறுத்துவிடுவான். பத்து நாள் சாமாயிகத்தில் அமர்ந்தும் படம் வரவில்லையாயின் அப்பெண் என்ன நினைப்பாள்? ஓவியத்தில் தோற்றவள் தியானத்திலும் தோற்றதாக எண்ணுவாள். மதிப்பெண் பட்டியலில் இன்னொரு பாடம் கூடியது போலாகும். நிதானத்தை முள் என்று நம் ஆசாரியர்கள் சொன்னது இத்தகைய துன்பத்தையும் கருதித்தான் போலும்.

இதற்கு ஒரு மெய்யான வரலாறு நினைவுக்கு வருகிறது. அதில் சேலத்திற்கும் பங்குண்டு. 1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் ஐயர் அடுக்கிக் கூறினார். முதலியார் அவற்றில் அசையவில்லை. சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அந்நூலைக் கண்டதும் இல்லை. முதலியார் தந்த பிரதியைக் கொண்டு படிக்கத் தொடங்கியபோது, சமண சமயச் செய்திகள் விளங்காமல் தவித்தார். பின்னர்க் கும்பகோணத்திலேயே சமணர்கள் வாழ்கின்றனர் என்று அறிந்து ஒரு வீட்டிற்குச் சென்றார். அவ்வீடு விழாக்கோலம் பூண்டிருந்தது. திருமணமோ என்று எண்ணியவருக்குக் கிடைத்த விடை வேறு. பல திங்களாகத் தொடர்ந்து படித்துவந்த சிந்தாமணி அன்று நிறைவெய்தியது, அதற்கே அக்கொண்டாட்டம்!

உலகம் மறந்துவிட்டது என எண்ணப்பட்ட நூல், அவ்வீட்டில் நாள்தோறும் படிக்கப்பட்டுவந்தது. அந்தச் சாவகர்கள் தம் அறிவை ஐயருக்கு மனமுவந்து வழங்கினர். ஐயரின் சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வெளிவந்தது. தமிழின் பழம் பெருநூல்கள் ஒவ்வொன்றாக அவர் கையால் அச்சேறுவதற்கு அது பெருந்தொடக்கமாயிற்று. அவ்வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொரு மாலையும் ஏட்டைப் பிரித்தபோது, தமிழிலக்கியத்தை மீட்கிறோம் என்று எண்ணினார்களா? அவர்களுக்கு அது அன்றைய படிப்பு, அன்றைய அமைதி. அவர்கள் எப்பயனையும் குறித்து வேண்டவில்லை. வேண்டியிருந்தால், பயன் காணாத ஏதோ ஒரு தலைமுறையில் அப்படிப்பு நின்றிருக்கும். ஐயர் சென்றபோது கதவைத் திறக்க ஆள் இருந்திருப்பர், ஏட்டைத் திறக்க ஆள் இருந்திருக்கமாட்டார்.

ஆதலின் அவ்வீட்டுத் தலைவருக்கு நாம் எழுதிய கடிதத்தில், சாமாயிகத்தில் அமருங்கள், ஆனால் ஓவியத்தைப் பற்றி அவளிடம் பேசவே வேண்டாம் என்றோம். பென்சிலும் தாளும் அவள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். அவற்றைச் சுட்டிக்காட்ட வேண்டாம். மதிப்பெண் பற்றிய பேச்சை உணவு வேளைக்கு அப்பால் தள்ளுங்கள். பாட்டியாரிடம் அருங்கலச்செப்பு இருந்தால் அந்தியில் நாளுக்கு இரண்டு பாடல் எல்லாருமாகப் படியுங்கள். இவ்வளவே நம்மால் சொல்ல முடிந்தது. மகன் இதற்கு உடன்பட்டானா என்று தெரியாது. வேதனைதான் கலை என்று அவன் இன்னும் வாதிடக்கூடும்; அவனிடம் சிந்தாமணியைக் கொடுத்துப் பார்க்கவேண்டும்.

மூன்று திங்கள் கழித்து அவ்வீட்டு அம்மையார் தொலைபேசியில் பேசினார். செவ்வாயும் வெள்ளியும் மாலைத் தனிப்பயிற்சியை நிறுத்திவிட்டார்களாம். அதற்காக அவருக்கும் கணவருக்கும் ஒரு வாரம் பேச்சு வார்த்தை இல்லையாம், பதினைந்து நாளுக்குள் சரியாகிவிட்டது என்று சிரித்தார். மகள் வரைகிறாளா என்று கேட்க நா எழுந்தது, அடக்கிக்கொண்டோம். அவராகவே சொன்னார். "இன்னும் ஒன்றும் வரையவில்லை. ஆனால் முந்தாநாள் தம்பியோடு சண்டை போட்டாள். இராத்திரி தூங்குவதற்கு முன்னால் அவளாகவே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தப்பு என் மேல்தான் என்று சொல்லிவிட்டு வந்தாள். பிறகு மாடியில் பாட்டியோடு வெகுநேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்."